அம்புக்குறி போட்ட எண்கள்

நெஞ்சக நோய்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. இருமலுக்குக் கஷாயம் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளை நான்காக மடித்து உறையில் போட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அந்தத் தாள்களுக்கே.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. மேலூர் பக்கம் கிரானைட் குவாரியில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். கார்த்திகையில் நிமோனியா வந்து பதினொரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இரண்டாம் நாளே ஒரு மருத்துவர், "ரத்தத்தில் எல்லா எண்ணும் மோசமாக இருக்கிறது, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றார். ஆனால் அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது என் சித்தப்பா மகன் செல்போனில் எதையோ படித்துவிட்டு, சிஆர்பியும் ஆர்.டி.டபிள்யூ.வும் இவ்வளவு இருந்தவர்கள் ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம் என்கிறான். எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறேன். அப்பா எவ்வளவு நாள் இருப்பார்? மறைக்காமல் சொல்லுங்கள்.
— மேலூர் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட விடை அந்தத் தாள்களில் இல்லை. யாருடைய தாளிலும் இருக்காது. இதைத்தான் முதலில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பியது 43 தாள்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுத் தேதிவாரியாகப் பரப்பினேன். முதல் நான்கு நாள் தாள்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி. பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அந்த அம்பு சொல்வது ஒன்றே ஒன்று: நடமாடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான ஆளின் அளவிலிருந்து இது விலகியிருக்கிறது. வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு விலகாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

இந்த எண்களில் இரண்டு வகை உண்டு. தீ எவ்வளவு பெரிது என்று சொல்வது ஒரு வகை. தீப்பிடித்த வீடு ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்று சொல்வது இன்னொரு வகை. உங்கள் சித்தப்பா மகன் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கிவிட்டார்.

சிஆர்பி, அதாவது சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற புரதம், முதல் வகை. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதன்முதலில் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்று பெயரிட்ட சர்க்கரைப் பொருளோடு அது ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் ஈரல் இதைச் சுரந்து தள்ளும். மூட்டிய காரணம் அடங்கிவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உங்கள் அப்பாவின் தாள்களில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 286, 301, 240, 118, 52, கடைசித் தாளில் 14. வைகை அணையில் 66 அடி என்று செய்தி வந்தால் நாம் அடுத்துக் கேட்பது என்ன? ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதானே. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். ஆனால் மழை நின்று, மதகு திறந்து, நீர்மட்டம் வடிந்துகொண்டிருக்கும் நாளிலும் ஒரு வேளை அதே 66 அடியைக் கடந்துதான் வர வேண்டும். உங்கள் தம்பி பயப்படுவது ஏறிய அன்றைய 301-ஐப் பார்த்து. வடிந்த 14-ஐ அவர் பார்க்கவில்லை.

உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டும் இந்த வகைதான். 2-க்குள் இருக்க வேண்டியது, அப்பாவுக்கு முதல் நாள் இரவு 4.6, மறுநாள் மாலை 1.9. அந்த ஒரு பகலில் அவருக்கு ஏற்றிய திரவமும் ரத்த அழுத்த மருந்தும் வேலை செய்திருக்கின்றன. 43 தாள்களில் எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான்.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பலமுறை சரியாகவும் சில முறை தவறாகவும். அப்படிப்பட்ட எண்களோடு நூறு பேர் படுத்திருந்தால் அதில் கணிசமானவர்கள் இறந்துபோவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நூறு பேரில் உங்கள் அப்பா எத்தனையாவது ஆள் என்று எந்த இயந்திரமும் அச்சடித்துத் தருவதில்லை. அதைவிட முக்கியம், அவர் இப்போது அந்த நூறு பேரில் ஒருவரே அல்ல. பிழைத்து, குழாயைக் கழற்றி, வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் கூட்டம் வேறு. அதில் சேர்ந்துவிட்டவருக்கு இரண்டாம் நாள் எண்ணை வைத்து நாள் குறிப்பது, பரீட்சையில் தேறிவிட்ட பையனை மாதத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டித் திட்டுவது போன்றது.

இனி ஆர்.டி.டபிள்யூ. இதில் உங்கள் தம்பி சொன்னது முழுப் பொய்யல்ல. ஒரே தட்டில் வார்த்த இட்லிகளைப் போல நம் சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் இந்த எண் ஏறும். வழக்கமாக 11.5 முதல் 14.5 சதவீதம் வரை. உங்கள் அப்பாவுக்கு 17.8. தனியாகக் காசு கொடுத்துச் செய்யும் பரிசோதனையும் அல்ல. சாதாரண ரத்த அணு எண்ணிக்கைத் தாளின் நடுவில் யாரும் பார்க்காத ஒரு வரியாகக் கிடக்கும். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் இந்த எண் கூடுதலாக இருந்தவர்கள் பின்னாளில் அதிகம் இறந்தார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஏன்? சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஆகவே இந்த எண் நேற்று வந்த காய்ச்சலை மட்டும் சொல்வதில்லை. கடந்த சில மாதங்களின் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைவு, சத்தில்லாத சாப்பாடு, சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட அழற்சி என எல்லாம் இதில் வந்து படியும். இது இரண்டாம் வகை, வீட்டின் நிலையைச் சொல்வது. ஆனால் வீட்டைப் பழுது பார்க்கலாம் அல்லவா? உங்கள் அப்பாவின் சிவப்பணு சராசரி அளவு 71 என்று அதே தாளில் இரண்டு வரி மேலே இருக்கிறது. 80-க்கு மேல் இருக்க வேண்டியது. எனக்கு இரும்புச் சத்துக் குறைவு மேல்தான் முதல் சந்தேகம். மருத்துவமனையில் ஃபெரிட்டின் 900 இருந்ததே என்பீர்கள். ஃபெரிட்டின் இரும்புக் கிடங்கின் அளவுதான், ஆனால் அழற்சி இருக்கும்போது கிடங்கு காலியாக இருந்தாலும் எண் பொங்கிக் காட்டும். சிஆர்பி முழுவதும் இறங்கிய பிறகு ஃபெரிட்டினைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டு அதோடு நின்றுவிடக் கூடாது. 63 வயது ஆண் ரத்தத்தை எங்கே இழக்கிறார் என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும். குவாரியில் வேலை பார்த்தவர்கள் முதுகுவலிக்கு வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் கேளுங்கள், கோபப்படுவார், ஆனாலும் கேளுங்கள்.

குவாரி என்றதும் இன்னொன்று. கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்றா என்று உங்கள் தாள்களில் தேடினேன், இல்லை. மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ காட்டி எடுத்துவிடுங்கள். எனக்கு ஆர்.டி.டபிள்யூ.வைவிட இதுதான் கவலை.

கனடாவின் டொராண்டோவில், கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் ஓராண்டு நிலவரத்தையும் 2011இல் ஐந்தாண்டு நிலவரத்தையும் வெளியிட்டார்கள். பெரும்பாலும் உங்கள் அப்பாவைவிட இளையவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வந்தபோது சராசரியாக உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். நுரையீரல் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. கால்கள்தான் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் 76 சதவீதம்தான். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் நான் வீடு திரும்பிய நோயாளிகளிடம் நுரையீரலை விட்டுவிட்டுத் தொடையைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த கடிதத்தில் தாள்கள் வேண்டாம். அப்பாவின் எடை இப்போது எவ்வளவு, நோய்க்கு முன் எவ்வளவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து தொடர்ந்து எத்தனை முறை எழுந்திருக்கிறார். தெருமுனை டீக்கடைக்கு நடந்து போகிறாரா, நடுவில் எத்தனை இடத்தில் நிற்கிறார். இவற்றை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் என் மாமனாருக்குத் தினமும் புரோகால்சிடோனின் பரிசோதனை எடுத்தார்கள். ஒன்பது நாளில் ஒன்பது முறை. பில்லில் அது மட்டுமே பெரிய தொகை. இவ்வளவு தேவையா?
— செல்லூர் வாசகர்

பதில்: பரிசோதனை நல்லது, ஒன்பது முறை தேவையா என்பது வேறு. பாக்டீரியாக் கிருமி தாக்கும்போது இது வேகமாக ஏறும். வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. இதன் உண்மையான பயன் ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்துகொள்வது. நோயாளியும் தேறி வரும்போது, உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்த்தாலே போதும் என்பது என் பழக்கம். மாமனாருக்கு ஐந்தாம் நாளே 0.4 வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு முறை எடுத்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கும் ஒன்பது நாள் ஓடியிருக்கிறது. அப்புறம் எதற்கு அந்த எண்?

மருத்துவரிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர், இந்த எண் இன்று ஏறினால் எந்த மருந்தை மாற்றுவீர்கள், இறங்கினால் எதை நிறுத்துவீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். பதில் இருந்தால் பரிசோதனை தேவை.

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரென்று கடுமையாகச் செயலிழப்பது) நோயாளிகளில் யார் பிழைப்பார் என்று ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புதிய குறியீடுகளைப் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். எளிமையாக விளக்க முடியுமா?
— திருமங்கலம் மாணவி

பதில்: 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்ததிலிருந்து தொடங்குங்கள். 2012இல் வந்த பெர்லின் வரையறையைச் சொல்லுங்கள்: ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தைச் சுவாசிக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து வருவது 300, 200, 100 என இறங்க இறங்க நோய் கடுமை. ஆனால் அந்த எண் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் இறக்கிறார். ஏன் என்ற கேள்வியில்தான் உங்கள் தலைப்பு தொடங்குகிறது.

இரண்டு இடத்தைப் பார்க்கிறார்கள். நுரையீரல் காற்றுப்பையின் உள்தோல் கிழிந்தால் ஆர்ஏஜிஇ என்ற புரதம் கரைந்த வடிவில் ரத்தத்தில் கசியும். ரத்தக்குழாயின் உள்தோல் கெட்டால் ஆஞ்சியோபாய்ட்டின்-2 என்ற புரதம் ஏறும். சுவரின் இரண்டு பக்கத்துச் சேதம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அடுத்து, 2014இல் இரண்டு பெரிய பழைய ஆய்வுகளின் நோயாளிகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே நோய்ப் பெயருக்குள் இரண்டு கூட்டம் இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6, ஐஎல்-8 புரதங்கள் எல்லாம் பொங்கி, ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இறங்கி, ரத்த அழுத்தமும் சரிந்திருந்தது. இறப்பும் அவர்களிடம்தான் அதிகம். வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டியபோது இரண்டு கூட்டமும் இரண்டு விதமாக நடந்துகொண்டன. இதுதான் சுவாரசியம். யார் பிழைப்பார் என்பதைவிட யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சொன்னால்தான் குறியீட்டுக்கு மரியாதை.

நீண்ட காலப் பிழைப்பைப் பற்றிப் பேசினால் 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை விடாதீர்கள். நிமோனியாவிலிருந்து தேறி வீட்டுக்குப் போகும் நாளில், காய்ச்சல் இல்லை, நாடித் துடிப்பும் சீர். ஆனாலும் ஐஎல்-6 உயர்ந்தே இருந்தவர்கள் அடுத்த ஓராண்டில் அதிகம் இறந்தார்கள். ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், அடுப்புச் சாம்பலுக்குள் கனல் இன்னும் அணையவில்லை.

கருத்தரங்கில் யாராவது, "இந்தக் குறியீட்டின் திறன் 0.7" என்று பெருமையாகச் சொன்னால் நீங்கள் எழுந்து கேளுங்கள்: 0.5 என்பது நாணயத்தைச் சுண்டுவது, 1 என்பது தவறே செய்யாதது; இது நடுவில் எங்கே நிற்கிறது? வயதையும் பழைய நோய்களையும் சேர்த்துக் கணக்கிடும் அபாச்சி-2 மதிப்பெண் 1985இலிருந்து இருக்கிறதே, அதைவிட இது எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது? பேராசிரியர்கள் முறைப்பார்கள். பரவாயில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. விறகடுப்பில் நாற்பது வருடம் சமைத்தவர். சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி, மூச்சுத்திணறலோடு சேர்த்தார்கள். ரிப்போர்ட்டில் ஈசினோஃபில் 0 என்று இருந்தது. அலர்ஜி அணு இல்லை, நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டோம். ட்ரோபோனினும் பிஎன்பியும் கூடுதல் என்றார்கள். மாரடைப்பா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: விறகடுப்பை எழுதியதற்கு நன்றி. "புகைப் பழக்கம்: இல்லை" என்று கேஸ் தாளில் எழுதிவிட்டு நாற்பது வருடப் புகையை விட்டுவிடுவார்கள்.

ஈசினோஃபில் பூஜ்யம் என்பது சந்தோஷப்படும் செய்தி அல்ல. சிஓபிடி திடீரென்று முற்றும்போது இந்த அணு 50-க்குக் கீழே போனால், உடம்பு பெரிய நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் கணக்கிலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு திருப்பம் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் இந்த அணு இறங்கிவிடும். ரத்தம் எடுத்தது ஊசிக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அந்தப் பூஜ்யம் மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

ட்ரோபோனின் இதயத் தசையின் புரதம். மூச்சுக்குப் போராடும்போது வலது பக்க இதயம் தவித்தாலும் கசியும், மாரடைப்புதான் என்றில்லை. இ.சி.ஜி.யைச் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிஎன்பி இதய அறை விரியும்போது சுரப்பது. 1988இல் ஜப்பானில் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் 'பிரெயின்', அதாவது 'மூளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்; பிஎன்பியின் 'பி' அதுதான். பிறகுதான் அதிகம் சுரப்பது இதயம் என்று தெரிந்தது. இன்னும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் கூடியிருந்த சிஓபிடி நோயாளிகள் பின்னாளில் சிரமப்படுவது உண்மை, எனவே இதய மருத்துவரிடம் ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுளை நீட்டுவதாக நிரூபணமானது வேறு ஒன்று. நோய் தணிந்த நிலையிலும் ரத்த ஆக்சிஜன் மிகக் குறைவாகவே இருக்கும் சிஓபிடி நோயாளிக்கு, வீட்டில் நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1981இலேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. அம்மாவுக்கு அது தேவைப்படும் அளவா என்று, தேறிய சில வாரங்கள் கழித்து ரத்த வாயுப் பரிசோதனையில் பாருங்கள். ஆக்சிஜன் கருவி வந்தால் விறகடுப்பு வீட்டை விட்டே வெளியேற வேண்டும். புகைக்காக மட்டுமல்ல, தீ விபத்துக்காகவும்.

கேள்வி: இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து, எனக்கு ஆயுள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முழு உடல் பரிசோதனைத் திட்டத்தில் எடுக்கலாமா? எனக்கு நோய் எதுவும் இல்லை.
— அண்ணாநகர் வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல செருப்பு வாங்கி நடங்கள்.

கேள்வி: மனைவிக்கு நுரையீரல் தொற்று. ஒரு லேபில் டி-டைமர் (ரத்த உறைவுப் பரிசோதனை) 0.8. மூன்று நாள் கழித்து வேறு லேபில் 620. ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதா? பயத்தில் இரவெல்லாம் தூங்கவில்லை. ரிப்போர்ட்டைச் செல்போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— வில்லாபுரம் வாசகர்

பதில்: தூங்காத இரவு எனக்கும் உண்டு ஐயா. 2021இல் என் அண்ணன் கொரோனாவோடு ஐசியூவில் கிடந்தார். டி-டைமர் 3.2 என்று மாலையில் சொன்னார்கள். மறுநாள் ரத்தம் வேறு லேபுக்குப் போயிற்று. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் நின்றபடி தாளை வாங்கினேன்: 1450. முப்பது வருடம் இந்தத் தாள்களைப் படித்தவன், கை நடுங்க, என்னிடம் படித்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "சார், அலகைப் பாருங்கள்" என்றார். முதல் லேப் மைக்ரோகிராமில் தந்தது, இரண்டாவது நானோகிராமில். ஆயிரத்தால் வகுத்தால் 1.45. பாதியாகிவிட்டதே என்று மகிழ்ந்தேன். "அதுவும் இல்லை சார், இன்னும் கொஞ்சம் வலது பக்கம் பாருங்கள்" என்றார். டி-டைமரை இரண்டு முறையில் கணக்கிடுவார்கள்; ஒன்றில் வருவது மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரிசெய்தால் 2.9. ஏறவும் இல்லை, விழவும் இல்லை, ஏறக்குறைய அதே இடம்தான். அண்ணன் இன்று காலையும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து என்னிடம் காபி கேட்டார்.

உங்கள் மனைவியின் 620 நானோகிராமாக இருந்தால் 0.62. ரத்தம் உறைந்து கரையும் வேகத்தைக் காட்டும் இந்த எண் தொற்றில், கர்ப்பத்தில், வயதாவதில் எல்லாம் கூடும். அவருக்குக் காலில் ஒரு பக்க வீக்கமோ திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் ஒரே லேபில் மட்டும் தொடர்ந்து எடுங்கள்.

'இருந்தால்' என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் 620 தெளிவாகத் தெரிகிறது. அதற்கு வலது பக்கம், அலகு அச்சிட்டிருக்கும் இடத்தில், உங்கள் கட்டைவிரல் இருக்கிறது. விரலை நகர்த்தி இன்னொரு படம் அனுப்புங்கள்.